பொய்யே கொடிப்படை

படையின் முன்னே செல்வதைக் கொடிப்படை என்றும், இறுதியில் வருவதைக் கூழைப்படை என்றும் தமிழர் வழங்கினர். பகைவர் நிலத்தில் முதற்காலை ஊன்றுவது கொடிப்படை. எல்லாம் முடிந்தபின் வந்து சேர்வது கூழைப்படை. 1964-ஆம் ஆண்டு தொட்டு அமெரிக்க வல்லரசு நடத்திய பெரும்போர்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஆராய்வார்க்கு ஓர் உண்மை விளங்கும். அவ் வல்லரசின் கொடிப்படையாகச் சென்றது வானூர்தியும் அன்று; போர்க்கப்பலும் அன்று; பொய்! உண்மையோ ஒவ்வொரு முறையும் கூழைப்படையாகவே வந்திருக்கின்றது. பிணங்கள் எரிந்தும் புதைந்தும் போனபின், பெற்றோர் கண்ணீர் வற்றியபின், பொய் சொன்னவர் ஓய்வூதியம் பெற்று உறங்கச் சென்றபின், எங்கோ ஓர் ஆவணக் கிடங்கின் கதவு மெல்லத் திறக்கும். அங்கிருந்து உண்மை தள்ளாடி வெளிவரும்.

இன்னொன்றும் விளங்கும். அக் கொடிப்படை முதற்கண் தாக்கியது பகைநாட்டை அன்று. சொந்த நாட்டு மக்களின் அறிவை. வாசிங்டனில் சொல்லப்பட்ட பொய்யை வட வியத்துநாமின் தலைநகராகிய அனோயில் எவரும் நம்பவில்லை. தம் கடலில் நடந்தது எது, நடவாதது எது என்பதை அவர்கள் நன்கறிவர். நம்பியவர் அமெரிக்க உழவர். நம்பியவர் அமெரிக்கத் தொழிலாளர். அவர்தம் மக்களே போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டவர்.

நடவாத தாக்குதல்

வியத்துநாமின் வடகரையை ஒட்டியது தோங்கின் வளைகுடா. 1964 ஆகத்து 2-ஆம் நாள் அங்குத் திரிந்த ‘மேடாக்சு’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியத்துநாமின் படகுகள் மூன்று நெருங்கின. முதலிற் சுட்டது அமெரிக்கக் கப்பலே. தொடர்ந்து நிகழ்ந்த சிறு மோதலில் அக் கப்பலின்மேல் பாய்ந்த குண்டு ஒன்றே ஒன்று. அமெரிக்கர் ஒருவரும் இறந்தாரில்லை. அக் கப்பல் அங்கு மீன்பிடிக்கச் செல்லவில்லை. வட வியத்துநாமின் கம்பியில்லாச் செய்திகளை ஒட்டுக்கேட்கச் சென்றிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர்த்தான், அமெரிக்கர் திட்டமிட்டு, அமெரிக்கர் படகு கொடுத்து அனுப்பிய தென் வியத்துநாமியப் படைஞர் வட வியத்துநாமின் தீவுகள் இரண்டின்மேல் குண்டு பொழிந்திருந்தனர். இவற்றுள் ஒன்றேனும் அமெரிக்க மக்களுக்குச் சொல்லப்படவில்லை.

அடுத்து வந்தது ஆகத்து 4-ஆம் நாள் இரவு. புயலும் கொந்தளிப்பும் மிக்க இருட்டு. மேடாக்சும், அதனுடன் வந்து சேர்ந்த ‘தர்னர் சாய்’ என்னும் கப்பலும், தம்மை நோக்கி நீரடிக்கணைகள் பாய்ந்து வருவதாக அறிவித்தன. பலநேரம் இருட்டை நோக்கிச் சுட்டன. சில மணிநேரம் கழித்து, அங்கிருந்த கப்பல் தலைவர் எரிக்கு என்பார் மேலிடத்துக்கு இன்னொரு செய்தி அனுப்பினார். கருவிகளில் தெரிந்தவை வானிலையின் கோளாறாக இருக்கலாம்; ஒலிகேட்கும் ஆள்களின் மிகு விரைவால் விளைந்த மயக்கமாகவும் இருக்கலாம்; கண்ணால் எவரும் எதனையும் காணவில்லை; முழுமையாக ஆராய்ந்து பார்க்காமல் ஏதும் செய்ய வேண்டா என்பது அச் செய்தியின் சாரம். அவ் விரவில் கப்பல்களுக்கு மேலே வானூர்தியிற் பறந்த சேம்சு சுடாக்டேல் என்னும் வானூர்திப் படைத்தலைவரும், கீழே பகைப்படகு ஒன்றையும் தாம் காணவில்லை என்று பிற்காலத்தில் எழுதினார்.

களத்தில் இருந்தவன் ஐயுறுகின்றான். மாளிகையில் இருந்தவனுக்கோ ஐயமே இல்லை! குடியரசுத் தலைவர் இலிண்டன் சான்சன் அன்றிரவே, நள்ளிரவு நெருங்கும் வேளையில், தொலைக்காட்சியில் தோன்றினார். அமெரிக்கக் கப்பல்கள் மீண்டும் தாக்கப்பட்டன என்றார். வட வியத்துநாமின்மேல் குண்டு வீசுமாறு ஆணையிட்டிருப்பதாகவும் அறிவித்தார். ஆகத்து 6-ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சர் இராபர்ட்டு மெக்நமாரா பேராயத்தின் குழுக்கள்முன் அமர்ந்து, தென் வியத்துநாமியரின் கரையோரத் தாக்குதல்களில் அமெரிக்கக் கடற்படைக்குப் பங்கேதும் இல்லை என்றும், அவை அதற்குத் தெரியவே தெரியா என்றும் அடித்துக் கூறினார். இது முழுப்பொய்.

ஆகத்து 7-ஆம் நாள், குடியரசுத் தலைவர் விரும்பியவாறு படைநடத்தலாம் என்னும் ஒப்புதலைப் பேராயம் வழங்கியது. கீழவையில் 40 மணித்துளிப் பேச்சு. சார்பாக 416 பேர், எதிராக ஒருவருமில்லை. மேலவையில் சார்பாக 88 பேர், எதிராக இருவர். ஒரெகன் மாநிலத்து வேயின் மோர்சும் அலாசுக்கா மாநிலத்து எர்னெசுட்டு குருனிங்கும் அவ் விருவர். நாடு முழுவதும் ஒரு திசையில் ஓடியபொழுது நின்று, திரும்பி, “சான்று எங்கே?” என்று உசாவிய அவ் விருவரும் 1968-ஆம் ஆண்டில் தம் மேலவை இருக்கைகளை இழந்தனர். அதே 1968-ஆம் ஆண்டில் மெக்நமாரா உலக வைப்பகத்தின் தலைவராக அமர்த்தப்பெற்று 1981 வரை அப்பொறுப்பில் இருந்தார். உண்மை கேட்டவர்க்கு வீடு. பொய் சொன்னவர்க்கு உலக வைப்பகம்!

அவ் வொப்புதலின் வரைவு தாக்குதலுக்குப் பின் எழுதப்பட்டதும் அன்று. அதே ஆண்டு மே, சூன் திங்கள்களிலேயே சான்சனின் அலுவலர் அதனை எழுதி ஆயத்தமாக வைத்திருந்தனர். ஓலை முன்னரே எழுதப்பட்டுவிட்டது. அதற்கு ஏற்ற நிகழ்ச்சி ஒன்றுதான் குறைவாக இருந்தது. கடலில் எழுந்த ஒரு புயலிரவு அக் குறையைத் தீர்த்தது.

அவ்வாண்டுத் தேர்தலில், ஆசிய இளைஞர் தமக்காகச் செய்ய வேண்டிய போருக்கு அமெரிக்க இளைஞரை அனுப்பப் போவதில்லை என்று ஊர்தோறும் பேசி, பெருவெற்றி பெற்றார் சான்சன். 1965 மார்ச்சு 8-ஆம் நாள் முதற் போர்ப்படை தா நாங்குக் கரையில் இறங்கியது. 1969-இல் அங்கிருந்த அமெரிக்கப் படைஞர் 5,40,000-க்கும் மேற்பட்டோர். மாண்ட அமெரிக்கர் 58,000-க்கும் மேற்பட்டோர். வியத்துநாம் அரசு 1995-இல் வெளியிட்ட கணக்கின்படி, அம் மண்ணில் மாண்ட பொதுமக்கள் மட்டும் ஏறத்தாழ 20 நூறாயிரம் பேர். போராடி மாண்டோர் 11 நூறாயிரம் பேர்.

அதே 1995-ஆம் ஆண்டு நவம்பரில் மெக்நமாரா அனோய்க்குச் சென்றார். தம் பழைய பகைவரான படைத்தலைவர் சியாப்பைக் கண்டு, 1964 ஆகத்து 4-ஆம் நாள் என்னதான் நடந்தது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்பதே அவர் பெற்ற விடை. 2005-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாய்வாளரே எழுதிய ஆய்வுரை ஒன்று மறைவினின்று விடுவிக்கப்பட்டது. ஒட்டுக்கேட்ட செய்திகளுள், தாக்குதல் நடக்கவில்லை என்று காட்டியவை பெரும்பாலும் மேலிடத்துக்குக் காட்டாமல் ஒதுக்கப்பட்டன என்பதை அவ் வாய்வு மெய்ப்பித்தது. 1964-இல் பிறந்த பொய். 2005-இல் வந்த ஒப்புதல். இடையே 41 ஆண்டுகள். அந்த இடைவெளிக்குள்தான் அத்தனைக் கல்லறைகளும் அடங்கியிருக்கின்றன.

பூட்டிய பேழையுள் இருந்த நெஞ்சம்

அறியாமையால் நேர்ந்த பிழை என்பார் உளர். அவர்க்கு விடை அமெரிக்க அரசின் பேழைக்குள்ளேயே இருந்தது. 1967-இல் மெக்நமாரா, வியத்துநாம் போர் விளைந்த வரலாற்றை அரசின் உள்ளாவணங்களைக் கொண்டே எழுதுமாறு ஆணையிட்டார். 47 தொகுதி, 7,000 பக்கம் என விரிந்த அவ் வரலாற்றின் படிகள் மிகச்சிலவே எடுக்கப்பட்டுப் பூட்டி வைக்கப்பட்டன. அவற்றையே உலகம் பின்னர்ப் பெண்டகன் ஆவணங்கள் என்று அறிந்தது.

அவற்றுள் 1965 மார்ச்சில் பாதுகாப்புத் துறையின் உயர் அலுவலர் ஒருவர் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. வியத்துநாமில் அமெரிக்காவின் நோக்கம் யாது என்பதை அவர் விழுக்காடாகப் பகுத்துக் காட்டியிருந்தார். அமெரிக்கா தோற்று இழிவடையாமற் காப்பதற்கு 70 விழுக்காடு. தென் வியத்துநாம் சீனத்தின் கையிற் சேராமற் காப்பதற்கு 20 விழுக்காடு. தென் வியத்துநாம் மக்கள் மேலான, உரிமையுள்ள வாழ்வு பெறுவதற்கு 10 விழுக்காடு! மேடையில் நின்று அக்குடிகளின் விடுதலைக்காகவே குருதி சிந்துவதாகப் பேசினர். பூட்டிய அறைக்குள் அவ் விடுதலைக்குப் பத்திலொரு பங்கே ஒதுக்கினர். ஒரு நாட்டின் நெஞ்சத்தை இதைவிடத் தெளிவாக எவர் அளந்து காட்ட வல்லார்?

அப் பேழையைத் திறந்தவர் தானியேல் எல்சுபெர்க்கு. அவ் வரலாற்றை எழுதியவருள் அவரும் ஒருவர். போரை முதலில் ஏற்றவர். வியத்துநாம் சென்று கண்டபின் மனம் மாறியவர். 1969 அக்தோபர் முதல் இரவிரவாக அமர்ந்து அப் பக்கங்களைப் படியெடுத்தார். 1971 சூன் 13-ஆம் நாள் ‘நியூயார்க்கு டைம்சு’ நாளிதழ் அவற்றை வெளியிடத் தொடங்கியது. அரசு வழக்குத் தொடுத்துத் தடைபெற்றது. சூன் 30-ஆம் நாள் உச்ச வழக்குமன்றம் அறுவர்க்கு மூவராய்ப் பிரிந்து அத் தடையை நீக்கியது. எல்சுபெர்க்கின்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள் அனைத்தும் மெய்ப்பிக்கப்பட்டிருப்பின் 115 ஆண்டுச் சிறை. அவரை இழிவுபடுத்துவதற்காக அவருடைய உளநல மருத்துவரின் அலுவலகத்தைப் பூட்டுடைத்துத் துழாவ ஆளனுப்பியது வெள்ளை மாளிகை. அத் தீச்செயல் வெளிப்பட்டதனாலேயே 1973 மே திங்களில் வழக்குத் தள்ளப்பட்டது. அரசின் அறத்தால் அவர் மீளவில்லை. அரசின் குற்றம் அளவுகடந்து போனதனால் மீண்டார்.

உணவின் பெயரால் ஊரழிப்பு

சான்சனுக்குப் பின் வந்தவர் நிக்சன். போரை முடிப்பதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்த அவர், 1969 மார்ச்சு 18-ஆம் நாள், போரில் நடுநிலை வகித்த கம்போடியாவின்மேல் குண்டு வீசும் கமுக்கத் திட்டத்தைத் தொடங்கினார். 1970 மே வரை நீண்ட அத் திட்டத்தில் ‘பி-52’ என்னும் பெருங் குண்டுவீச்சு வானூர்திகள் 3,600 முறைக்கு மேல் பறந்து சென்று குண்டு வீசின. வீச வேண்டிய இடப்பகுதிகளுக்கு அவர்கள் வைத்த மறைபெயர்களைக் கேட்டால் நாக்கூசும். காலை உணவு, நண்பகல் உணவு, சிற்றுண்டி, மாலை விருந்து, இரவுணவு, இறுதியில் உண்ணும் இனிப்பு! முழுத் திட்டத்துக்கும் உணவுப் பட்டியல் என்றே பெயர். உழவன் குடிசையும் வயலும் எரிந்துகொண்டிருக்க, அவற்றை எரித்தவனின் ஏட்டில் அது நண்பகல் உணவு.

சொல்லைக் கெடுத்தவன் எதனையும் கெடுக்க வல்லான். சிற்றூர்களை அழித்து மக்களை வேலிக்குள் அடைத்ததற்கு அவர்கள் வைத்த பெயர் அமைதிப்படுத்தல். பிறர் நாட்டில் வீசிய குண்டுக்குப் பெயர் காப்பு எதிர்வினை. 1968 மார்ச்சு 16-ஆம் நாள் மைலாய் என்னும் சிற்றூரில் கிழவரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் வரிசையாக நிறுத்திச் சுட்டுத் தள்ளினர். வியத்துநாமியர் கணக்கில் இறந்தோர் 504 பேர். படைத்துறை வெளியிட்ட செய்தியிலோ அது 128 பகைவரைக் கொன்ற வெற்றி! கைப்பற்றிய துமுக்கிகள் மூன்றே மூன்று என்பதும் அதே படையின் கணக்குத்தான். 128 போர்மறவர்க்கு மூன்று துமுக்கிகளா என்று கேட்க ஓராண்டுக்கு மேலாயிற்று. முன்னாள் படைஞர் ஒருவர் எழுதிய மடலும், செய்மூர் எர்சு என்னும் செய்தியாளர் 1969 நவம்பரில் வெளியிட்ட செய்தியுமே அம் மறைப்பைக் கிழித்தன. அத்தனை உயிர்க்கும் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவர் ஒரே ஒரு சிற்றலுவலர். வாழ்நாள் சிறை என்று தீர்ப்பு. அவர் காவலில் இருந்தது நான்காண்டுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி தம் வீட்டிலேயே.

மீண்டும் கம்போடியாவுக்கு வருவோம். அக் குண்டுவீச்சை மறைக்க அமெரிக்கப் படைத்துறை இரட்டைக் கணக்கு வைத்தது. கம்போடியாவில் வீசிய குண்டுகளைத் தென் வியத்துநாமில் வீசியதாக அறிக்கை எழுதினர். உண்மைக் குறிப்புகளை எரித்தனர். கடையில் இரட்டைக் கணக்கு எழுதும் வணிகனைச் சட்டம் பிடிக்கும். நாடாளும் வணிகனை யார் பிடிப்பது? 1970 ஏப்பிரல் 30-ஆம் நாள் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, கம்போடிய மக்களின் நடுநிலையை அமெரிக்கா வழுவாது மதித்து வந்திருக்கின்றது என்று முகங்கோணாமற் கூறினார். அவ்வேளையில் குண்டுவீச்சுத் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது. தலையில் குண்டு விழுந்த கம்போடியர்க்கு உண்மை தெரியும். குண்டு வீசியவர்க்கும் தெரியும். தெரியாதவர் அக் குண்டுக்கு வரிகொடுத்த அமெரிக்க மக்கள் மட்டுமே!

1973 சூலையில், அக் குறிப்புகளை எரித்த படை அலுவலர் ஒருவரே மேலவைக் குழுவின்முன் வந்து உண்மையைச் சொன்னார். அதன் பயன் யாது? அதே ஆண்டு அக்தோபரில், அக் குண்டுவீச்சை நிக்சனுடன் திட்டமிட்ட என்றி கிசிங்கருக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டது. 1974 சூலை 30-ஆம் நாள், கம்போடியக் குண்டுவீச்சை மறைத்த குற்றத்தையும் நிக்சன்மேல் சாட்ட வேண்டும் என்னும் முன்மொழிவைக் கீழவைக் குழு 26-க்கு 12 என்று தள்ளிவிட்டது. எதிர்க்கட்சி அலுவலகம் ஒன்றில் பூட்டுடைத்துப் புகுந்ததை மறைத்த குற்றத்துக்காகவே நிக்சன் அடுத்த திங்களில் ஆட்சி துறந்தார். பூட்டுடைத்த குற்றம் ஒரு தலைவனை வீழ்த்தியது. ஒரு நாட்டை உடைத்த குற்றம் குற்றப் பட்டியலிலேயே ஏறவில்லை!

குழவிகளின் பெயரால் ஒரு நாடகம்

1990 ஆகத்தில் ஈராக்கு குவைத்தைக் கைப்பற்றியது. அது வன்கொடுமையே, ஐயமில்லை. ஆயினும் எண்ணெய்க் கிணறுகளுக்காக மைந்தரை அனுப்ப அமெரிக்கத் தாய்மார் தயங்கினர். அத் தயக்கத்தை உடைக்க ஒரு பொய் வேண்டியிருந்தது. அக்தோபர் 10-ஆம் நாள், பேராய உறுப்பினர் சிலர் கூடிய மாந்த உரிமைக் குழுவொன்றின்முன் 15 அகவைப் பெண்ணொருத்தி கண்ணீருடன் சான்றுரைத்தாள். குவைத்து மருத்துவமனையில் தான் தொண்டு செய்ததாகவும், ஈராக்கியப் படைஞர் வெப்பப் பெட்டிகளில் இருந்த பச்சிளங் குழவிகளை எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகக் கிடத்தியதைத் தான் கண்டதாகவும் கூறினாள். நாடே அழுதது. குடியரசுத் தலைவரான மூத்த புசு அச் செய்தியை மேடைதோறும் எடுத்தோதினார். மேலவை உறுப்பினர் சிலர் அதனைச் சுட்டிப் பேசினர். 1991 சனவரி 12-ஆம் நாள் மேலவை 52-க்கு 47 என்னும் சிறு வேறுபாட்டில் போருக்கு ஒப்புதல் தந்தது.

அப் பெண் வாசிங்டனில் இருந்த குவைத்துத் தூதரின் மகள் என்பது 1992 சனவரியில்தான் வெளிப்பட்டது. சான்றுரைக்கு அவளைப் பழக்கியது, குவைத்துப் பணத்தில் இயங்கிய விளம்பர நிறுவனம். பின்னர் நேரிற் சென்று உசாவிய மாந்த உரிமை அமைப்புகள், அக் குழவிக்கொலைக் கதைக்குச் சான்றேதும் காணவில்லை. ஒரு வல்லரசின் மேலவை, ஒரு விளம்பர நிறுவனம் எழுதிக்கொடுத்த கண்ணீரைக் கண்டு போருக்கு எழுந்தது.

இல்லாத படைக்கலமும் இருந்த எண்ணெயும்

பன்னிரண்டாண்டு கழிந்தது. தந்தையின் இருக்கையில் மகன் புசு. 2001 செப்தம்பர் 11-இல் நியூயார்க்கில் விழுந்த இடிக்கும் ஈராக்குக்கும் தொடர்பில்லை. ஆயினும் அச் சினத்தை ஈராக்கை நோக்கித் திருப்பினர். 2002 ஆகத்து 26-ஆம் நாள் துணைத்தலைவர் செனி, சதாம் உசேனிடம் பேரழிவுப் படைக்கலங்கள் இருப்பதில் ஐயமே இல்லை என்று முழங்கினார். ஐயம் இருந்தது. ஈராக்கு வாங்கிய அலுமினியக் குழாய்கள் அணுக்குண்டு செய்வதற்கானவை என்னும் கூற்றை அமெரிக்க ஆற்றல் துறையின் வல்லுநரே மறுத்திருந்தனர். அயலுறவுத் துறையின் உளவுப் பிரிவும் மறுத்திருந்தது. அம் மறுப்புகள் ஏட்டில் அடங்கின. முழக்கங்கள் தொலைக்காட்சியில் ஓங்கின.

2003 சனவரி 28-ஆம் நாள் புசு பேராயத்தின்முன், சதாம் ஆப்பிரிக்காவிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் கூறினார். அக் கூற்றுக்கு அடிப்படையான நைசர் நாட்டு ஆவணங்கள் போலியானவை என்று உலக அணுவாற்றல் முகமையின் தலைவர் மார்ச்சு 7-ஆம் நாள் வெளிப்படையாக அறிவித்தார். பிப்ரவரி 5-ஆம் நாள் அயலுறவு அமைச்சர் காலின் பவல் ஒன்றிய நாடுகளின் பாதுகாப்பு அவையில் அமர்ந்து, ஊர்தியில் ஏற்றித் திரியும் நச்சுயிரித் தொழிற்கூடங்களைப் பற்றிப் படம் வரைந்து காட்டினார். அதற்குத் தலையாய சான்று, செருமனியில் அடைக்கலம் புகுந்த ஈராக்கியர் ஒருவரின் சொல். போருக்குமுன் அமெரிக்க நடுவண் உளவுத்துறை அவரை நேரில் உசாவவே இல்லை. அவர் சொல்லை முழுதும் நம்ப வேண்டா என்று செருமானியர் எச்சரித்திருந்தனர். 2011 பிப்ரவரியில் அந்த ஆளே, தாம் சொன்னவை பொய் என்று நாணமின்றி ஒப்புக்கொண்டார்.

அந்நாள்களில் பாதுகாப்பு அவையின் வாயிலில் தொங்கிய ஒரு திரைச்சீலையை நீலத்துணியால் மூடி வைத்திருந்தனர். குண்டுவீச்சில் துடித்து மடிந்த குவெர்னிக்கா நகரை ஓவியர் பிக்காசோ தீட்டிய ஓவியத்தின் நெசவுப்படி அது. போரை விற்க வந்தவர் பின்னே போரின் முகம் தெரிதல் கூடாதன்றோ!

அப்பொழுது ஈராக்குக்குள் ஒன்றிய நாடுகளின் ஆய்வாளர் இருந்தனர். 700-க்கும் மேற்பட்ட முறை ஆய்ந்தும் அவர்கள் படைக்கலக் குவியல் எதனையும் காணவில்லை. இன்னும் சில திங்கள் வேண்டும் என்றனர். அச் சில திங்களைத் தர மறுத்தே மார்ச்சு 20-ஆம் நாள் போர் தொடங்கப்பட்டது. காலம் தந்தால் உண்மை வந்துவிடும் என்னும் அச்சமே அவ் விரைவின் கரணியம்.

2004 மார்ச்சில் செய்தியாளர் விருந்தொன்றில், வெள்ளை மாளிகை இருக்கைகளின் அடியில் பேரழிவுப் படைக்கலத்தைத் தேடுவதுபோல் எடுத்த படங்களைக் காட்டி நகைப்பூட்டினார் புசு. அவையோர் சிரித்தனர். ஈராக்கில் அவ் வேளையில் பிணங்கள் விழுந்துகொண்டிருந்தன. அதே ஆண்டு அக்தோபரில், அமெரிக்க அரசே அமைத்த ஆய்வுக்குழு, ஈராக்கில் பேரழிவுப் படைக்கலக் குவியல் இல்லை என்று அறிக்கை தந்தது. அடுத்த திங்களே புசு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். திசம்பரில் உளவுத்துறைத் தலைவராயிருந்தவர்க்கு நாட்டின் மிகவுயர்ந்த குடிமக்கள் விருதைச் சூட்டினார். மாண்ட அமெரிக்கப் படைஞர் 4,400-க்கும் மேற்பட்டோர். மாண்ட ஈராக்கியப் பொதுமக்களோ, மிகக் குறைந்த கணக்கிலும் நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆட்சியா?

இத்தனையும் கேட்டபின், அமெரிக்காவைப் போற்றுவார் ஒரு விடை வைத்திருக்கின்றனர். “இவ் வுண்மைகளை வெளியிட்டவரும் அமெரிக்கரே, அவற்றை அச்சிட்டவை அமெரிக்க நாளிதழ்களே, தடையை நீக்கியது அமெரிக்க வழக்குமன்றமே. தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் குடியாட்சி அது” என்பர்.

முதற்பாதி உண்மை, அதனை மறுப்பது நேர்மையாகாது. எல்சுபெர்க்கு, மோர்சு, குருனிங் போன்றோரைப் பெற்ற நாடு அது. அவர்களை வணங்காத நெஞ்சு அறம் அறியாத நெஞ்சு. ஆயின் அவர்கள் அந்த அரசின் உறுப்பாக நின்று உண்மை சொல்லவில்லை. அந்த அரசை எதிர்த்து நின்று, அதனால் வேட்டையாடப்பட்டுச் சொன்னார்கள். ஈராக்குப் போரின் கமுக்க ஆவணங்களை 2010-இல் வெளியிட்ட படைஞர்க்கு 2013-இல் 35 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஒறுப்புக் குறைக்கப்பட்டு 2017-இல்தான் அவர் வெளிவந்தார். அப் போரைப் பொய்யால் தொடங்கியவருள் அப் பொய்க்காக ஒரு நாளேனும் சிறையில் இருந்தவர் எவர்? ஒருவருமிலர். பொய்க்குப் பரிசும் உண்மைக்குச் சிறையும் தரும் ஓர் ஆட்சி, தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆட்சியாகுமா?

இனி, பிற்பாதியைப் பார்ப்போம். திருத்தம் என்றால் என்ன? வழிதவறியவன் அடுத்த முறை வழிதவறாமல் இருப்பதே திருத்தம். தோங்கின் பொய் வெளிப்பட்டபின் கம்போடியப் பொய் நின்றதா? கம்போடியப் பொய் வெளிப்பட்டபின் குழவிப் பெட்டிப் பொய் நின்றதா? குழவிப் பெட்டிப் பொய் வெளிப்பட்டுப் பதினோராண்டுக்குள் ஈராக்குப் பொய் எழவில்லையா? ஒவ்வொரு முறையும் முன்னைப் பொய்க்கு வருந்திக்கொண்டே அடுத்த பொய்யை நம்பியதன்றோ அந் நாடு! நாற்பத்தோராண்டு கழித்துக் கிடங்கிலிருந்து வரும் உண்மை எந்தக் குண்டையும் நடுவானில் நிறுத்தாது. அது மாண்டவனுக்கு மருந்தாகாது. வரலாற்று மாணவனுக்குப் பாடமாகலாம், அவ்வளவே. காலங்கடந்து வரும் உண்மையை அவ் வரசு அஞ்சுவதில்லை. அதனை அச்சிட்டு, தோல் கட்டி, நூலகத்தில் அடுக்கி, தன் நேர்மைக்குச் சான்றாகவே காட்டிக்கொள்ளும். அது அஞ்சுவது ஒன்றே ஒன்று: காலத்தில் வரும் உண்மை.

எனவே கேள்வி காலத்தில் எழ வேண்டும். போர்முரசு அறையப்படும் நாளில், எந் நாட்டு மக்களாயினும், தம் அரசை நோக்கி மூன்று கேள்வி கேட்கக் கற்க வேண்டும். கண்டவர் யார்? தோங்கினில் ஒருவரும் காணவில்லை. ஈராக்கிலும் ஒருவரும் காணவில்லை. விரைவு ஏன்? நாற்பது மணித்துளியில் ஒப்புதல் கேட்டவரும், ஆய்வாளர்க்குச் சில திங்கள் தர மறுத்தவரும் மறைக்க வேண்டியதை மறைக்கவே விரைந்தனர். பெயர் என்ன? குண்டுக்கு உணவென்றும், ஊரழிப்புக்கு அமைதி என்றும், கொலைக்கு வெற்றி என்றும் பெயர் வைப்பவன் அச்செயலின் உண்மைப் பெயரைத் தன் மக்கள் கேட்டுவிடுவர் என்று நடுங்குகின்றான். இம் மூன்றையும் 1964-இல் மேலவையில் இருவர் கேட்டனர். மற்ற எண்பத்தெண்மர் கேட்கவில்லை. அந்த எண்பத்தெண்மரின் வாய்மூடலுக்கு விலை கொடுத்தவர், அவர்கள் ஒருநாளும் காணாத ஒரு நாட்டின் சேற்றுவயல்களில் விழுந்து கிடந்தனர்.

படைக்கலத்தால் பெரியவனை எதிர்க்கச் சிறிய நாடுகளால் இயலாமற் போகலாம். ஆனால், பொய்யென்னும் அக் கொடிப்படை வாயிலில் வந்து நிற்கும்பொழுதே அதன் பெயரைச் சொல்லி அழைக்க எந்த மக்களாலும் இயலும். முன்படை முறிந்தால் பின்னே வரும் படை தயங்கும். கூழைப்படையாக வந்து பிணங்களை எண்ணும் உண்மையைப் போற்றிப் பயனில்லை. உண்மை முன்னே செல்ல வேண்டும். முதலிற் செல்ல வேண்டும். அதனை முன்னே செலுத்தும் பொறுப்பு அரசுகளுக்கு உரியதன்று. ஏமாற மறுக்கும் மக்களுக்கே உரியது!